மாலை போட்ட என் போட்டோவும் பகல் பன்னிரண்டு மணியும்

என் லாட்ஜுக்கு வெப்சைட் திறந்த அந்த வாரமே, நான் இறந்துபோனதற்கு வருத்தம் தெரிவித்து எனக்கே போன் வந்தது.

கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். "ஏனுங்க, பெரியவர் எப்பங்க தவறினாரு? எங்க மாமனார் ராமேசுவரம் வந்தா அவரு லாட்ஜுலதானுங்க தங்குவாரு. தங்கமான மனுசன்னு சொல்லுவாருங்க" என்றார். தங்கமான மனுசன் என்றது பிடித்திருந்ததால் குறுக்கே பேசாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டேன். பிறகு எதை வைத்து அவர் தவறினார் என்று சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "வெப்சைட்டைத் தொறந்ததும் மாலை போட்ட போட்டோ வருதுங்களே. சங்கு வேற ஊதுதுங்க" என்றார். அந்தப் பெரியவர் நான்தான் அம்மா, ரூம் வேணுமா என்றேன். போனை வைத்துவிட்டார். செத்தவனிடம் ரூம் கேட்க யாருக்குத்தான் மனசு வரும்?

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். நான் அஞ்சாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பரீட்சை எழுதவில்லை. ராமேசுவரம் ஸ்டேஷனில் விடியுமுன் வந்து நிற்கும் ரயில்தான் எனக்குப் பள்ளிக்கூடம். அடுத்தவன் லாட்ஜுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையில் ஆரம்பித்தேன். பெட்டியை இறக்கும் விதத்தைப் பார்த்தே எந்த ஊர்க்காரர் என்று சொல்லிவிடுவேன். தெலுங்கில் கேட்பேன், இந்தியில் பேரம் பேசுவேன், மராட்டியில் சிரிக்க வைப்பேன், வங்காளத்தில் சமாதானம் சொல்வேன். இலக்கணம் எதிலும் கிடையாது. இலக்கணம் தெரிந்தவர்கள் யாரும் எனக்கு முன்னால் லாட்ஜ் கட்டவில்லை. நான் கட்டினேன். கடலில் முங்கி, கோயில் தீர்த்தங்களில் எல்லாம் நனைந்து சொட்டச் சொட்ட வருகிறவர்கள் முன்வாசலில் தயங்கி நிற்கக் கூடாது என்று பின்பக்கமாகத் தனி வழி வைத்து, குழாய் போட்டு, ஈரத்துணி காயக் கொடியும் கட்டினேன். எந்தப் பொறியாளரும் வரைந்து கொடுத்ததல்ல. என் மண்டை வரைந்தது.

ஆனால் முழங்காலுக்கு மண்டையின் பெருமை தெரிவதில்லை. ஸ்டேஷனுக்குப் போவதை நிறுத்தினேன். ஜனங்களும் வீட்டிலிருந்தே போனைத் தடவி ரூமைப் பிடித்துவிட்டு ரயில் ஏறப் பழகிவிட்டார்கள். மாடி ரூம்கள் பூட்டியே கிடந்தன. இதை எங்கிருந்தோ மோப்பம் பிடித்து, ராமநாதபுரத்தில் நாலைந்து லாட்ஜுகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர் வந்தார். "எதுக்குண்ணே இந்த வயசுல சாவிக்கொத்தும் கையுமா அலையுறீக? எங்கிட்ட விட்டுருங்க. மாசமானா குத்தகைப் பணம் வீட்டுக்கு வந்துரும்" என்றார். எனக்கும் அது தப்பாகப் படவில்லை.

தப்பாகப் பட்டது என் மகளுக்கு. சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலின் ஆபீசில் இருந்தவள், வேலையை விட்டுவிட்டுப் பையோடு வந்து இறங்கினாள். "அய்யா, நான் நடத்துறேன். யாருக்கும் விடாதீக."

"ஏத்தா, நீ ஏசி ரூம்ல உக்காந்தவ. இங்கன குழாய் ஒழுகுனா நீதான் அடைக்கணும்."

"அடைக்கிறேன். தை அமாவாசை வரைக்கும் டைம் குடுங்க. அன்னைக்கு எல்லா ரூமும் நிறையலேன்னா நீங்க யாருக்கு வேணும்னாலும் விடுங்க. நான் மறுபடி சென்னைக்கே போறேன்."

சரி என்றேன். ராமநாதபுரத்துக்காரரிடமும் அப்படியே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, அமாவாசை அன்றைக்கே பத்திரத்தோடு வருகிறேன் என்றார்.

மகளின் முதல் வேலை வெப்சைட். நம் ஊர் வெப்சைட்டுகளின் லட்சணம் எனக்கு முன்பே தெரியும். சங்கு, பாசிமணி விற்கும் கடைக்காரர் ஒருவருடைய வெப்சைட்டில் "விரைவில்" என்று ஒரே வார்த்தை இருக்கும். அவருடைய மகளுக்குக் கல்யாணமாகிப் பேரனும் பிறந்துவிட்டான், வெப்சைட் இன்னும் விரைவிலேயே நிற்கிறது. வாஸ்து ஆலோசகர் ஒருவர் தன் பட்டங்களை எல்லாம் ரயில் பெட்டி மாதிரி கோர்த்திருக்கிறார், ஆனால் எந்தத் தெருவில் உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் இல்லை. ஊரார் வீட்டு வாசல் எந்தத் திசையில் இருக்கணும் என்று சொல்கிறவர் தன் வாசலை மறைத்துவைத்திருக்கிறார். மண்டபம் பக்கத்தில் வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறவர் பனிமலைப் படம் போட்டிருக்கிறார். மண்டபத்தில் பனி எப்போது பெய்தது என்று கேட்டால், பார்க்க அழகாக இருக்கிறதே என்கிறார்.

நமக்கு வந்து சேர்ந்தவர் மதுரைக்காரர். விசிட்டிங் கார்டில் டிஜிட்டல் ஆலோசகர் என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தார். அவருடைய சொந்த வெப்சைட்டைக் காட்டச் சொன்னேன். வட்டமாக ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது, திறக்கவில்லை. "சர்வர்ல ஒரு சின்ன வேலை போகுது சார்" என்றார். சமையல்காரர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அப்போதே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. காரணம், அடுத்து அவர் சொன்னது எனக்கு இனித்தது. "சார், முதலாளி முகம் முன்னாடி வரணும் சார். அப்பதான் நம்பிக்கை வரும்."

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு நல்ல ஞானம் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் தெருக் கோயில் கும்பாபிஷேகத்தில் எனக்கு மாலை போட்ட போட்டோவை எடுத்துக் கொடுத்தேன். அதை அவர் முட்டை வடிவத்தில் வெட்டி, தலைக்குப் பின்னால் வெளிச்சம் வைத்து, கீழே "நிறுவனர்" என்று போட்டு, திறந்ததும் சங்கு ஊதும்படி செய்துவிட்டார். கோயில் ஊர் என்பதால் சங்காம். திதி கொடுக்க வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் செய்ய முடியாது. எனக்கு அடுத்தபடியாக ஒரு நீச்சல்குளம், அதன் கரையில் தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெண். என் லாட்ஜில் நீச்சல்குளம் எங்கே என்று நானே ஒருமுறை பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பிறகு பக்கம் பக்கமாக இங்கிலீசு. எல்லாவற்றுக்கும் அடியில் எறும்பு ஊர்வது மாதிரி போன் நம்பர்.

கோயம்புத்தூர் அம்மா போனை வைத்த பிறகு மகளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு.

"அந்த மாலையை முதல்ல கழட்டுங்கய்யா."

"அதுல என்னத்தா தப்பு? நல்ல சம்பங்கி."

"பாக்கறவுக ரூம் கேக்க மாட்டாக, கருமாதி என்னைக்குன்னு கேப்பாக."

மாலை போனது. சங்கு நின்றது. நீச்சல்குளமும் அந்தப் பெண்ணும் ஊருக்குப் போனார்கள். சாவிப்பலகை முன்னால் சட்டையோடு நான் நிற்கிற மாதிரி சின்னதாக ஒரு படம் வைத்தாள். பின்பக்க வழி, குழாய், கொடி எல்லாவற்றையும் படம் எடுத்துப் போட்டாள். போன் நம்பரை மேலே ஏற்றினாள். மதுரைக்காரர் இதையெல்லாம் பார்த்து, பிராண்டே போச்சு மேடம் என்று வருத்தப்பட்டாராம்.

அப்படியும் ரூம் நிறையவில்லை. மார்கழி போய்க்கொண்டிருந்தது. ராமநாதபுரத்துக்காரர் போன் செய்து, "என்னண்ணே, ரூமெல்லாம் நெருக்கியடிக்குதாமே" என்று சிரித்தார். மகள் தன் சென்னைப் பையைப் பரண்மேல் இருந்து எடுத்துத் துடைத்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி போனேன்.

மறுநாள் சாப்பிடும்போது பொதுவாகச் சொன்னேன், "நானா இருந்தா ஸ்டேஷனுக்குப் போவேன். ரூம் வேணும்கிற ஜனம் அங்கனதான் இறங்குது. போனுக்குள்ளயா இறங்குது?"

அடுத்த நாள் விடியுமுன் அவள் ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போனாள். நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன். "அய்யா, இங்கன ஒரு ஆந்திரா குடும்பம் படியில உக்காந்திருக்கு. நம்ம வெப்சைட்டைப் பாத்திருக்காக, ஆனா ரூம் போடல. என்னமோ சொல்றாக, எனக்கு வெளங்கல. நீங்க கேளுங்க."

குடும்பத்துப் பெரியவர் போனை வாங்கினார். என் ஸ்டேஷன் தெலுங்கை எடுத்துத் தூசி தட்டிப் பேசினேன். அவர் கோபமெல்லாம் படவில்லை, நியாயத்தைத்தான் சொன்னார். உங்கள் லாட்ஜ் நல்லதாகத்தான் தெரிகிறது, பின்பக்கக் குழாய் கூடப் பார்த்தோம். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் ரூம் தருவீர்கள் என்று எழுதியிருக்கிறது. நாங்கள் விடியுமுன் இறங்குகிறோம். பன்னிரண்டு மணிக்கு நாங்கள் கடலில் முங்கி, திதி கொடுத்து, தரிசனம் முடித்துச் சாப்பிட்டும் இருப்போம். அதுவரை என் சம்சாரம் ஈரத்துணியோடு எங்கே உட்காருவாள்? அதற்குப் பிறகு ரூம் எதற்கு?

இப்போதே வாருங்கள், ரூம் இருக்கிறது என்று சொன்னேன். லாட்ஜைக் கட்டிய நாளிலிருந்து நான் யாரையும் நேரம் சொல்லி வாசலில் நிறுத்தியதே கிடையாது. கோழி கூவும்போது வந்தாலும் சாவி உண்டு. வந்த நேரத்திலிருந்து மறுநாள் அதே நேரம் வரை ரூம் அவர்களுடையது.

மகள் திரும்பி வந்ததும் கேட்டேன். "பன்னெண்டு மணின்னு எழுதுனது யாரு?"

"மதுரைக்காரர்தான். ஏதோ பீச் ரிசார்ட்ல இருந்து அப்படியே எடுத்திருக்காரு."

"நீ படிக்கலையா?"

"படிச்சேன்யா. சென்னையில எல்லா ஹோட்டல்லயும் பன்னெண்டு மணிதான். எனக்கு வித்தியாசமாவே தெரியல." கூடவே, "நீங்களும்தான் சரின்னு தலையாட்டுனீக" என்றாள்.

நான் என் போட்டோவைப் பார்த்துத் தலையாட்டினேன். அது நன்றாகத்தான் இருந்தது. மற்றதை யாராவது எனக்கு வாசித்துக் காட்டியிருக்கணும்.

அன்றைக்கே அவள் அந்த வரியைத் தூக்கிவிட்டு, அதே இடத்தில் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் எழுதினாள். தெலுங்கும் இந்தியும் நான் வாயால் சொன்னதை அவள் போனில் சரிபார்த்துப் போட்டது. விடியுமுன் எத்தனை மணிக்கு வந்தாலும் ரூம் உண்டு. வந்த நேரத்திலிருந்து ஒரு முழு நாள். ஈரத்தோடு வரலாம், பின்பக்கம் வழி இருக்கிறது. நாங்கள் உலகத்தரம், நாங்கள் பாரம்பரியம் என்று மதுரைக்காரர் நாலு பக்கம் முழங்கியிருந்ததை எடுத்துக் குப்பையில் போட்டாள். போன் அடிக்க ஆரம்பித்தது. பாதிப் பேர் முதலில் கேட்டது, "நெஜமாவே அந்நேரத்துக்கு ரூம் குடுப்பீங்களா?" என்றுதான்.

தை அமாவாசை வந்தது. விடியுமுன்பே கீழ்த்தளம் முடிந்தது, வெயில் ஏறுமுன் மாடியும் முடிந்தது, ஒரே ஒரு ரூம் தவிர. அதற்குச் சொல்லியிருந்தவர்கள் வண்டி கெட்டுப்போய் வழியில் நின்றுவிட்டார்கள், வரவில்லை. பலகையில் ஒற்றைச் சாவி தொங்கியது. மகள் அதைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தாள். எல்லா ரூமும் என்றுதான் பேச்சு. நானும் பேச்சு மாறாதவன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். அதுதான் இடைஞ்சல்.

அந்நேரம் ராமநாதபுரத்துக்காரர் வந்தார். கக்கத்தில் பத்திரப் பை. கூடவே அவருடைய அம்மா, தலை முதல் கால் வரை ஈரமாக, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு. அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறார்கள்.

"அண்ணே, பத்திரம் கெடக்கட்டும். அம்மாவுக்குக் குளிர் தாங்கல. ஊர்ல ஒரு லாட்ஜுலயும் எடமில்ல. பன்னெண்டு மணிக்கு மேல வாங்கன்றான். ஒரு ரூம் இருக்குமா?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் அதற்குள் சாவியைக் கையில் எடுத்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு சித்தப்பா. அப்பத்தாவைப் பின்பக்கமா கூட்டிட்டு வாங்க, அங்கன சுடுதண்ணி வச்சிருக்கேன்."

"எப்ப காலி பண்ணணும்த்தா?"

"இப்பத்தான வந்தீக? நாளைக்கு இந்நேரம்."

அவர் சாவியை வாங்கினார். வாங்கிய பிறகுதான் பலகையைப் பார்த்தார். ஒரு சாவிகூட இல்லை. என்னைப் பார்த்தார். நான் தங்கமான மனுசன். பத்திரப் பையில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மகள் உட்கார்ந்து வெப்சைட்டில் எதையோ தட்டினாள். என்ன என்று எட்டிப் பார்த்தேன். "இன்று அறைகள் இல்லை" என்று சிவப்புப் பட்டையாக, சரியாக என் நெஞ்சின் குறுக்கே வந்து விழுந்திருந்தது.

"படத்தை மறைக்குதேய்யா, கொஞ்சம் தள்ளி வைக்கவா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். மாலையைக் கழட்டிய இடம்தானே, அங்கேயே கிடக்கட்டும்.