கையெழுத்துப் போட்ட கூலி

வாசகரே, இதற்கு நீங்கள் சாட்சியாக இருங்கள். அதிகாரிகள் முன்னிலையில் ஜவுளி உற்பத்தியாளர்கள் கையெழுத்திட்ட கூலி உயர்வு நடைமுறைக்கு வராததால், சோமனூர் விசைத்தறியாளர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த ஒப்பந்தத்தை மேடைதோறும் வெற்றி என்று பேசிவந்த நான் அந்தப் பந்தலிலும், "நம்பிக்கையே கொங்கு நாட்டின் மூலதனம்" என்று முழங்கிவிட்டுக் கைதட்டலோடு இறங்கினேன்.

முன்வரிசையில் ஒரு தறிக்கார அம்மாள் மட்டும் கைதட்டவில்லை. அவர் காதோரம் பஞ்சுத்தூசி படிந்திருந்தது. யாரோடு பேசினாலும் அவர்களுடைய உடுப்பை இரு விரலால் தேய்த்துப் பார்ப்பார். என் சட்டைக் கையையும் தேய்த்தார்.

"துணி நல்லாருக்குதுங்க, பேச்சுந்தான். ஆனா பாருங்க, ஒரு சீட்டுகூட இல்லாம ஜவுளிக்காரங்ககிட்டருந்து பாவு நூலு ஊட்டுக்கு வந்துபோடுது. நாங்களும் துணியா நெய்ஞ்சு குடுத்துப்போடறோம். கையெழுத்துப் போட்ட கூலிதான் வரமாட்டேங்குது."

"இருந்தும் தொழில் நடக்கிறதே, அம்மா?"

"நாலு தறி நடக்குதுங்க. ஆட்டோ லூம்னு புதுத் தறி வாங்கோணும்னா பேங்குல கடன் வாங்கோணும். கூலி தராட்டி யாரு கேப்பாங்கன்னு தெரியாம எதை நம்பி வாங்கறதுங்க?"

"தறிய எடைக்குப் போட்டுப்போடுங்க அம்மணி," என்று பக்கத்திலிருந்தவர் சீண்டினார்.

"உங்க வாயப் போடலாமுங்க. நல்ல கனம்," என்றார் அவர், என்னிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

மீண்டும் மேடையேறி ஒலிவாங்கியில் சொன்னேன்: "மீறியவரை யார் கேட்பார் என்று எழுதாத ஒப்பந்தத்தை இனி எந்த மேடையிலும் வெற்றி என்று சொல்லமாட்டேன். அந்த ஒரு வரி எழுதப்படும்வரை இந்தப் பந்தலுக்கு வருவேன்."