தறிச் சத்தத்தில் தேர்வான ஸ்பீக்கர்: சேவூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஓப்பன் ஜீப்பில்

போன ஆகஸ்ட்டில் ஒரு சனி, ஞாயிறு. காரணம் யூசுப். ஆரணியில் இன்ஜினியரிங் படித்தபோது நாங்கள் மூன்று பேர்: நான், சேவூர் கஜேந்திரன், டவுன் யூசுப். கடைசி வருடம் பங்கு போட்டு ஒரு பழைய ஓப்பன் ஜீப் வாங்கினோம். அது இன்றும் கஜா வீட்டு வாசலில்தான் நிற்கிறது. படிப்பை முடித்துக் குவைத் போன யூசுப் நான்கு வருடம் கழித்துத் தங்கை கல்யாணத்துக்கு வருகிறான். எங்களுக்கென்று அவனால் ஒதுக்க முடிந்தது ஒரே ஒரு ஞாயிறு. “அதே ஜீப்பு, அதே மலை, பாட்டு ஓடிகினே இருக்கணும்” என்று போனில் சொல்லிவிட்டான். ஜீப்பில் ஸ்பீக்கர் இரண்டும் செத்துப்போயிருந்தன.

சனி காலை 5.40-க்குக் கோயம்பேட்டில் பஸ் ஏறினேன். ஆற்காடு வழி, டிக்கெட் 165 ரூபாய். ஆரணியில் இறங்கும்போது 9.35. பையில் ஆன்லைனில் வாங்கிய ஆறரை இன்ச் ஸ்பீக்கர் ஜோடி, 5,800 ரூபாய். படகுகளுக்கென்றே செய்தது, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும், வெயிலில் வெளுக்காது. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் தேர்வு செய்தது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்ற நினைப்பு எனக்கு.

பக்கத்திலேயே சேவூர்; கஜா வீட்டுக்குப் போய் ஜீப்பின் பழைய ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தால் எரிச்சல்தான் வந்தது. முன்னால் இருந்த வலை துருப்பிடித்ததும், அதற்குப் பதிலாகக் கஜா ஒரு பட்டுச்சேலைத் துண்டை இழுத்துக் கட்டியிருக்கிறான். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். அழகுதான். ஆனால் ஒவ்வொரு மழையிலும் அது தண்ணீரைக் குடித்து, உள்ளே இருந்த காகிதக் கோனில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. கோன் ஊறிய அப்பளமாகியிருந்தது.

“ஸ்பீக்கருக்கு எவனாச்சும் பட்டு கட்டுவானாடா?”

“எங்க ஊட்ல வேற துணி ஏது? சும்மா நோட்டம் வுட்டுகினு நிக்காத, ஜல்தி மாட்டு.”

பன்னிரண்டு மணிக்குள் மாட்டிவிட்டேன். வாசலில் நின்று கேட்டால் அருமையான சத்தம். கஜா மட்டும் திருப்தியாகவில்லை. வண்டியை ரிவர்ஸில் தறிக்கூடத்து வாசல் வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு, உள்ளே அம்மாவிடம் தறியைப் போடச் சொன்னான். அவர்கள் வீட்டில் பட்டு நெய்யும் பவர்லூம் இரண்டு. அந்தத் தெருவில் செல்போன் வாங்கினால்கூட ரிங்டோனைத் தறி ஓடும்போதுதான் சோதிப்பார்களாம். இரண்டு தறியும் ஓடத் தொடங்கின. என் படகு ஸ்பீக்கர் காணாமல் போனது.

கஜாவின் அம்மா வெளியே வந்து பார்த்தார். “இன்னாப்பா, மெட்ராஸ்லேர்ந்து ஊமைய வாங்கினு வந்துக்கிற?”

டப்பாவை எடுத்துப் படித்தேன். ஒரு வாட் கொடுத்தால் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பதற்கு ஓர் அளவு உண்டு, சென்சிடிவிட்டி. இதில் வெறும் 86 டெசிபல். எங்கள் பழைய பிளேயர் தருவதோ ஒரு ஸ்பீக்கருக்கு 18 வாட். ஓப்பன் வண்டியில் அறுபதில் போனால் காதில் அடிக்கும் காற்று அந்தத் தறிகளுக்குச் சளைத்ததில்லை. தண்ணீர் தாங்குமா என்று மட்டும் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் விட்டது என் முட்டாள்தனம்.

ஒன்றரை மணிக்கு ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கார் சாமான் கடை. பிளாஸ்டிக் கோன், ரப்பர் விளிம்பு, மழை தாங்கும் IP65, சென்சிடிவிட்டி 92. ஜோடி 4,200 ரூபாய். கடைக்காரர், “கேட்டுப் பாத்துட்டு எடு தம்பி” என்றார்.

“இங்க தறி இல்லிங்களே” என்றான் கஜா.

“சேவூரா?” என்று சிரித்தார் அவர். “எடுத்துனு போய்ப் பாருங்க. புடிக்கலன்னா நாளைக்குக் குடுங்க. டப்பாவ மட்டும் கிழிக்காதீங்க.”

நாலே கால் மணிக்கு மறுபடியும் தறிகள் ஓடின. இந்த முறை பாட்டு அவற்றைத் தாண்டி வந்தது. “கொறைங்கடா, தறி நின்னாக்கூட எனுக்குத் தெரியாது போலகிது” என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல். தேர்ச்சி.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு யூசுப் வந்தான். கொஞ்சம் தொப்பை. வந்ததும் பின்சீட்டில் தன் பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்தான். போளூர் 27 கி.மீ., அங்கிருந்து மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் சுமார் 40. மலை ஏறும்போது மழை பிடித்தது. கூரைத் துணியை நாங்கள் போடவில்லை, அந்தக் காலத்திலும் போட்டதில்லை. ஸ்பீக்கர் அசரவில்லை.

ஆனால் கேட்டதா? தெரியாது. முதல் வளைவிலேயே யூசுப் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பாட ஆரம்பித்துவிட்டான். கல்லூரியில் பாடிய அதே தப்பு வரிகள், அதே அபசுரம்.

“டேய், பேஜார் பண்ணாத, புது ஸ்பீக்கர்டா!”

“அத்த அமுத்துடா, நான் பாடிகினு இருக்கன்ல!”

92 டெசிபல் அவன் தொண்டையிடம் தோற்றது. இறங்கும் வரை மூன்று பேரும் கத்திக்கொண்டே வந்தோம். நாலரைக்கு அவனை அவன் தெருமுனையில் இறக்கினோம். “வண்டிய வித்துடாதீங்கடா” என்றான், அவ்வளவுதான்.

உங்களுக்கு: காகிதக் கோன் வேண்டாம், எவர்சில்வர் திருகு போடுங்கள், சென்சிடிவிட்டி 90-க்குக் குறைந்தால் ஓப்பன் வண்டிக்கு வாங்காதீர்கள். மேலே எந்தத் துணியும் கட்டாதீர்கள், பட்டு உட்பட. டீசல் 1,150 ரூபாய் ஆனது. மழை மாதத்தில் மதியத்துக்குள் மலை ஏறிவிடுங்கள்.

அறுபதில் கேட்குமா என்பீர்கள். யூசுப்பை இறக்கிவிட்டுச் சேவூர் திரும்பும்போதுதான் அதைச் சோதிக்க முடிந்தது. கேட்கிறது. ஒவ்வொரு வரியும், சரியான வரிகள், துல்லியமாக. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் கஜா கையை நீட்டிப் பாட்டை நிறுத்திவிட்டான்.