குரங்குகள் கண்டுகொள்ளாத பெரியம்மா

என் பெரியம்மா பத்தொன்பது வருடம் ஒரே ஒரு குரங்குக் கூட்டத்தின் பின்னால் நடந்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால், சிரித்துவிட்டு, "அது சரி, வேலை என்ன?" என்று கேட்பார்கள். அதுதான் வேலை.

விடிவதற்கு முன் குரங்குகள் தூங்கிய மரத்தடிக்குப் போய்விட வேண்டும். அவை இறங்கினால் கூடவே நடக்க வேண்டும், அடுத்த மரத்தில் அவை படுக்கும்வரை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அட்டையில் செருகிய தாளில் ஒரு வரி: யார் யாருக்குப் பேன் பார்க்கிறது, யார் யாரை விரட்டுகிறது, யார் குட்டி யார் மடியில். பேனா மழையில் கரைந்துவிடும் என்பதால் எல்லாம் பென்சில். தொடக்கூடாது, தீனி போடக்கூடாது, விழுந்தால் தூக்கிவிடக்கூடாது. நீ அங்கே இல்லாதது மாதிரி அவை வாழ வேண்டும், அப்போதுதான் நீ எழுதுவது உண்மை. பெரியம்மா படிப்பு முடித்து டாக்டர் பட்டம் வாங்கியிருந்ததால் காட்டு நிலையத்தில் எல்லோரும் அவரை "டாக்டரம்மா" என்றார்கள். அதை நம்பிப் பக்கத்து ஊரிலிருந்து வயிற்றுவலியோடு இரண்டு பேர் வந்ததும் உண்டு.

முதல் பதினான்கு மாதம் அவர் பார்த்ததெல்லாம் ஓடுகிற முதுகுகளும் வால்களும்தான். பதினைந்தாவது மாதம் ஒரு நாள், அப்போதுதான் பருவம் வந்த ஒரு பெண் குரங்கு, பத்தடி தள்ளி வந்து உட்கார்ந்தது. எப்போதும் யார் மேலோ கோபமாக இருப்பது போன்ற முகம். பெரியம்மா ஏற்கெனவே அதற்கு சிடுமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தார். அது அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு திரும்பி உட்கார்ந்து தன் காலைச் சொறிந்துகொள்ள ஆரம்பித்தது.

அன்று சாயங்காலம் பெரியம்மா நாலு கிலோமீட்டர் நடந்து, கடைத்தெருவில் இருந்த போன் பூத்திலிருந்து என் அம்மாவைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு அவ என்னை மதிக்கவே இல்லடி!"

"இதுக்கா மெனக்கெட்டு போன் பண்ணின? இங்க வா, நாங்களும் மதிக்காம இருக்கோம்" என்றார் அம்மா.

அம்மாவுக்கு அவருடைய அக்கா மேல் ஒரு வருத்தம் உண்டு. பெரியப்பா ரயில் ஓட்டுநர். வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டார். "ஒருத்தர் தண்டவாளத்துல, ஒருத்தி மரத்தடியில, நடுவுல பிள்ளை எங்க வீட்டுல" என்பார் அம்மா. அந்தப் பிள்ளைதான் எனக்கு அக்கா. பெரியம்மா காட்டுக்குப் போனபோது அவளுக்கு மூன்று வயது. நானும் அவளும் ஒரே பாயில் வளர்ந்தோம்.

ஆறு வாரத்துக்கு ஒரு முறை பெரியம்மா பத்து நாள் லீவில் வருவார். முதல் நாள் அக்கா என் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். மூன்றாம் நாள் மடியில் ஏறுவாள். பத்தாம் நாள், கட்டி வைத்த பையின் மேல் ஏறி உட்கார்ந்து இறங்கமாட்டாள். அவளைத் தூக்கிப் பையை எடுப்பதற்குள் பஸ் போய்விட்ட நாளும் உண்டு.

பத்து வயதானபோது அவள் பையில் உட்காரவில்லை. தன் அம்மாவின் துணிகளை அழகாக மடித்து உள்ளே வைத்து, "எல்லாம் எடுத்துக்கிட்டியாம்மா?" என்று கேட்டாள். அன்றைக்கு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது ஏற்பட்ட வலி மாதிரி வேறெப்போதும் பட்டதில்லை என்று பெரியம்மா பின்னாளில் என் அம்மாவிடம் சொன்னார்.

அவர் போன பதினோராவது வருடம் ஒரு புகைப்படக்காரர் நிலையத்துக்கு வந்தார். லேசான சளி. வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் உள்ளே விடமாட்டார்களோ என்ற பயம். மூன்று நாள் கூட்டத்தோடு சுற்றிவிட்டுப் போனார். அடுத்த வாரமே குரங்குகள் இரும ஆரம்பித்தன. மனிதனுக்கு வெறும் ஜலதோஷம், அவற்றுக்கு நெஞ்சையே அடைத்துவிடும். நாலு செத்தன. அதில் ஒன்று சிடுமூஞ்சியின் ஐந்து மாதக் குட்டி.

சிடுமூஞ்சி அதைக் கீழே போடவில்லை. மூன்று நாள் தூக்கிக்கொண்டே நடந்தது. பெரியம்மா அந்த மூன்று நாளும் பின்னால் போனார். அந்தத் தாள்களை நான் பார்த்திருக்கிறேன். "9.40, தூக்கி வைத்திருக்கிறாள். 9.50, தூக்கி வைத்திருக்கிறாள். 10.00, தூக்கி வைத்திருக்கிறாள்." பக்கம் பக்கமாக அதே வரி. எழுத்து மட்டும் போகப் போகப் பெரிதாகிறது.

அதற்குப் பிறகுதான் பெரியம்மா அந்த விதியை எழுதினார். இருமல் உள்ளவர்கள் குணமாகி இரண்டு வாரம் ஆகும்வரை காட்டுக்குள் வரக்கூடாது. நுரையீரலில் காசநோய் வந்தவர்கள், குணமாகியிருந்தாலும், எப்போதுமே வரக்கூடாது.

அவரோடு முதல் நாளிலிருந்து நடந்தவர், காட்டின் ஒவ்வொரு தடமும் தெரிந்த வழிகாட்டி. அவர் அதைப் படித்துவிட்டு, "எப்பவுமேவா, டாக்டரம்மா? மருந்து சாப்பிட்டு நல்லாயிட்டாகூடவா?" என்றார்.

"எப்பவுமே. ஆயிரத்துல ஒருத்தருக்குத் திரும்ப வந்தாலும் போதும், மொத்தக் கூட்டமும் போயிடும்."

"நம்ம சமையல்காரருக்கு வந்திருக்கே. அவர் கல்யாணத்துக்கு முன்னாடி."

பெரியம்மாவுக்கு அது தெரியாது. நிலையம் காட்டுக்குள்ளேயே இருந்தது. ஒன்பது வருடம் அவருக்குச் சமைத்துப் போட்ட மனிதர். அவரை நகரத்து அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அடுப்படியைக் கழுவித் துடைத்துவிட்டு, சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ஐம்பத்திரண்டாவது வயதில் பெரியம்மாவுக்கு இருமல் வந்தது. நகரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். போன கையோடு மருத்துவரையும் பார்த்துவிட்டு வியாழக்கிழமை திரும்பிவிடலாம் என்று கணக்கு. நெஞ்சைப் படம் எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள். காசநோய்.

நிலையத்துக்கு அவரே போன் செய்து சொன்னார். வழிகாட்டிக்கும் மற்றவர்களுக்கும் பரிசோதனை செய்யச் சொன்னார். யாருக்கும் இல்லை. குரங்குகளை மாதக்கணக்கில் கவனித்தார்கள். ஒன்றும் இருமவில்லை. நல்லகாலம் என்றார் அம்மா.

ஆறு மாதம் மாத்திரை. எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தார். முடிந்ததும் மருத்துவர், "இனிமே உங்களால யாருக்கும் பயமில்ல. எங்க வேணும்னாலும் போகலாம்" என்றார். அடுத்த வாரம் நிலையத்தின் தலைவர் வீட்டுக்கே வந்தார். குழுவில் பேசியாகிவிட்டது, முகக்கவசம் போட்டுக்கொண்டு நூறடி தள்ளி நின்றால் போதும், விதியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம் என்றார்.

"அந்த விதியை எழுதினது யாருன்னு தெரியுமா?" என்றார் பெரியம்மா.

"தெரியும்மா. அதனாலதான் நீங்களே மாத்தலாம்னு சொல்றோம்."

"சமையல்காரரை அனுப்பினப்போ யாரும் தளர்த்தச் சொல்லலையே. சமைக்கிறவர்னா போகணும், டாக்டர்னா வரலாமா? விடுங்க. அந்த ஆயிரத்துல ஒண்ணு நானா இருந்தா?"

தலைவர் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பெரியம்மா மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிடுமூஞ்சியைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று அவருக்கு ஞாபகமே வரவில்லை. வியாழக்கிழமை பார்க்கப் போகிறோம் என்று நினைத்தவர் நகரத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமையை உற்றுப் பார்த்திருப்பாரா? வழிகாட்டியிடம் போனில் கேட்டு, அன்றைய தாளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி: "4.20, மறைந்துவிட்டாள்." இலைக்குப் பின்னால் போனால் அப்படித்தான் எழுதுவார்கள். ஒரு நாளைக்கு இருபது தடவை எழுதுகிற வரி.

காட்டில் பழகிய கண் வீட்டில் சும்மா இருக்குமா? மாடியில் நின்றபடி, "எதிர் வீட்டு மாமியாரும் மருமகளும் ரெண்டு நாளா பேசிக்கல. துணி காயப்போட தனித்தனியா வர்றாங்க" என்பார். சரியாகத்தான் இருக்கும். அக்காவையும் அப்படிப் பார்ப்பார். அவளுக்கு நில அளவைத் துறையில் வேலை கிடைத்திருந்தது. சாப்பிடும்போது, தலை வாரும்போது, செருப்பு மாட்டும்போது, பெரியம்மாவின் பார்வை அவள் மேலேயே இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பொறுக்கமாட்டாமல் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"என்னையும் நோட் எடுக்கறியாம்மா?"

"இல்லடி. சும்மா பாக்கறேன்."

"அந்தச் சிடுமூஞ்சியோட மூணாவது குட்டி எப்ப நடந்துச்சு?"

"பன்னெண்டாம் நாள்." யோசிக்காமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"நான் எப்ப சைக்கிள் ஓட்டினேன்?"

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து என் அம்மாவின் குரல் வந்தது: "ஏழு வயசு. லீவு விட்ட மறுநாள். முட்டி ரெண்டும் பேந்துபோச்சு."

பெரியம்மா எழுந்து கை கழுவப் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பத்தொன்பது வருடத் தாள்களும் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வந்தன. கணினியில் ஏற்ற வேண்டும். பெரியம்மா தட்டச்சு செய்வார், யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். முதலில் நான் வாசித்தேன். எனக்கு இரண்டு பக்கத்திலேயே கொட்டாவி வந்துவிடும். ஒரு நாள் அக்கா ஆபீசிலிருந்து வந்தவள் என் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டாள். பிறகு அது அவள் வேலையாகிவிட்டது. தினமும் ஒரு மணி நேரம். இரண்டு பேரும் வேறெதுவும் பேசுவதில்லை, குரங்குகளின் வாழ்க்கை மட்டும்தான்.

"நாலு அம்பது, பேன் பார்க்கிறாள். அஞ்சு மணி, பதிவு இல்லை. அஞ்சு பத்து, பதிவு இல்லை... ஏம்மா, இந்த வருஷத்துலேருந்து செவ்வாய்க்கிழமை அஞ்சு மணின்னாலே காலியா இருக்கு?"

"அந்த வருஷந்தான் செல்போன் டவர் வந்துச்சு. மேட்டுப் பாறையில மட்டும் சிக்னல் கிடைக்கும். நீ ஸ்கூல் விட்டு வர்ற நேரம்."

அக்கா தாளைத் திருப்பிப் பார்த்தாள். "நான் பாதி நாள் விளையாடப் போயிடுவேனே. சித்திதான் எடுப்பாங்க."

"ஆமா."

"அப்புறம் என்ன பண்ணுவ?"

"திரும்பிப் போய் அதுங்களைத் தேடுவேன். சில நாள் கிடைக்காது."

அக்கா அடுத்த வரியை வாசித்தாள்.

அதன்பின் ஒரு மாதம் கழித்து, ஆபீசிலிருந்து ஒரு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து மேஜையில் விரித்தாள். காட்டின் எல்லைக்கு வெளியே, பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம், ஒரு மேடு. அங்கிருந்து குரங்குகள் தூங்கும் மரங்கள் நேர்கோட்டில் ஆயிரத்து நூறு மீட்டர். "காத்துல போற நோய் இவ்வளவு தூரம் போகுமா?"

"போகாது."

"அப்ப கிளம்பு."

நான்தான் வண்டி ஓட்டினேன். ஐந்து மணி நேரம். இரவல் வாங்கிய தொலைநோக்கியை மூன்று கால் தாங்கியில் நிறுத்தினோம். வழிகாட்டி அந்தப் பக்கம் கூட்டத்தோடு இருந்தபடி போனில் சொன்னார்: "நெட்டையா ஒரு மரம் தெரியுதா, டாக்டரம்மா? இடது பக்கக் கிளை. அவதான்."

பெரியம்மா கண்ணை எடுக்காமல் பார்த்தார். பழுப்பாக ஏழெட்டுப் புள்ளிகள். அக்காவும் பார்த்தாள்.

"எதும்மா அவ?"

"தெரியலடி. இங்கேருந்து எல்லாரும் ஒண்ணு போலத்தான் இருக்காங்க."

ஆனால் திரும்பும் வழியெல்லாம் பெரியம்மா பேசிக்கொண்டே வந்தார். அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பின் சீட்டில் அக்கா அவர் தோளில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். தோள் அசையாமலிருக்க, பெரியம்மா மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

மூன்று வருடமாக இப்படித்தான், மாதம் ஒரு முறை. போன மாதம் வழிகாட்டி போன் செய்தார். சிடுமூஞ்சியைப் பதினோரு நாளாகக் காணவில்லை. ஏற்கெனவே கிழவியாகிவிட்டது, கூட்டம் போகிற வேகத்துக்குப் போக முடியாமல் பின்தங்கியே வந்தது. அவர்கள் வழக்கப்படி அறுபது நாள் காணவில்லையென்றால்தான் இறந்ததாக எழுதுவார்கள்.

"சரி, பாத்துச் சொல்லுங்க" என்று பெரியம்மா போனை வைத்துவிட்டு அரிசி களையப் போனார். அக்கா கேட்காமலே மறுநாளைக்கு லீவு சொன்னாள்.

மேட்டில் நல்ல வெயில். புகை, மேகம் எதுவும் இல்லை. பெரியம்மா மரம் மரமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். புள்ளிகள் இருந்தன, நகர்ந்தன. ஒவ்வொன்றிலும் வெகுநேரம் நின்றார்.

"அழணும்னா அழுதுடேன்ம்மா" என்றாள் அக்கா.

"எதை வச்சு அழறது? அதுல ஒண்ணு அவளா இருந்தாலும் இருக்கலாமே."

அக்கா குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தாள். பெரியம்மா தொலைநோக்கியை அடுத்த மரத்துக்குத் திருப்பினார்.