ரத்தம் வராத அலகு

முருகனை நம்பி வாழும் அன்பர்களே, இதை நான் திக்கித் திக்கிச் சொல்ல, என் மனைவி செல்வி எழுதுகிறாள். என் வலது கை இனி எழுதாது.

மலேசியாவில் பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். இப்போது செமோரில் இருக்கிறோம். இருபது வருடமாக ஈப்போவில் தைப்பூசத்துக்கு நாக்கில் அலகு குத்திக் காவடி எடுத்தேன். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

போன வருடம் படபடப்பு என்று டாக்டரிடம் போனேன். இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது, உள்ளே ரத்தம் கட்டி மூளைக்குப் போகலாம் என்றார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார். அலகு குத்தினால் ரத்தம் நிற்காது, வேண்டாம் என்றார். முருகனுக்குக் கொடுத்த வாக்கை மீறுவதா? பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். செல்வி கையில் கொடுப்பாள். வாயில் போட்டுக்கொண்டு, பின்னால் போய்த் துப்பிவிடுவேன்.

பூசத்தன்று அலகு ஏறியது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"பாத்தீங்களா மச்சான், முருகன் உங்க பக்கம்லா!" என்றான் செல்வியின் தம்பி. நானும் நம்பினேன். முருகனே குணமாக்கிவிட்டான், இனி மாத்திரை எதற்கு என்று அதற்குப் பிறகும் துப்பினேன்.

மூன்றாம் நாள் காலையில் கோப்பிக் கோப்பை கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவன் அப்படியே விழுந்தேன். வாய் கோணி, வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

ஆஸ்பத்திரியில் செல்வி டாக்டரிடம் மன்றாடினாள். "நான் தினம் என் கையால கொடுத்தேன் டாக்டர்."

"ரத்தத்துல அந்த மருந்தே இல்லையே ஆன்ட்டி" என்றார் அவர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு கேட்டாள்: "இதயத்துல சின்னக் குடை மாதிரி ஒண்ணு வைக்கிறாங்களாமே, அத வச்சா மாத்திரை வேணாந்தானே?"

"இதயத்துல ரத்தம் கட்டுற சின்னப் பைய அது அடைக்கும். ஆனா மாத்திரையால ரத்தக்கசிவு வந்து கஷ்டப்படுறவங்களுக்குத்தான் பெரும்பாலும் வைப்போம். வச்சாலும் கொஞ்ச காலம் மருந்து வேணும். அங்கிளுக்கு மாத்திரை ஒத்துக்கும். சாப்பிடணும், அவ்வளவுதான். போன கைய குடையும் தராது, மாத்திரையும் தராது ஆன்ட்டி."

அன்று எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. 'முருகா' என்று கூப்பிடக்கூட நாக்கு எழவில்லை. செத்துப் போயிருக்கலாம் என்று அழுதேன். மனதுக்குள் ஒன்றே ஒன்று கேட்டேன்: அப்பனே, உன் பேரைச் சொல்ல ஒரு தடவையாவது நாக்கைக் கொடு.

நாட்கள் போயின. செல்வி திட்டவில்லை. எச்சிலைத் துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள். ஒரு மத்தியானம் நாக்கு அசைந்தது. ஆனால் வந்தது அவன் பேர் இல்லை.

"செ...வி" என்றேன்.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். நான் யாரை ஏமாற்றினேனோ, அவள் பேரையே முருகன் முதலில் என் வாயில் வைத்தான். என் வேண்டுதலுக்குக் கிடைத்த பதில் அதுதான்.

கை வரவில்லை. கால் இழுக்கிறது. பக்கவாதம் இன்னொரு தடவை வந்துவிடுமோ என்று தினமும் பயம். எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் நன்றி சொல்கிறேன்.

உங்களுக்கும் இந்த வியாதி இருந்தால் அலகுக்குப் பதில் பால்குடம் எடுங்கள், அவன் ஏற்றுக்கொள்வான். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். முருகனை நம்புங்கள், என் மாதிரி உங்கள் வீம்பை நம்பாதீர்கள்.

தினமும் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு செல்வி மாத்திரை தருகிறாள். விழுங்கிவிட்டு, அவள் கேட்காமலே, நாக்கை நீட்டிக் காட்டுகிறேன்.