ஜிம்மி வழியாகப் பேசினோம்

எண்பதுகளின் தொடக்கம். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் வாழ்க்கைப்பட்டுச் சில வருடங்களே ஆகியிருந்தன. எங்களுக்கும் அடுத்த வீட்டுப் பங்காளிக்கும் வாய்க்கால் ஓரத்து வரப்பு ஒன்றுக்காகக் கோர்ட்டில் வழக்கு. சண்டை ஆண்களுக்குள்தான், ஆனால் பெண்களும் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. அந்த வீட்டு அக்காவும் நானும் நேருக்கு நேர் வந்தால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அதற்காக வாயை மூடிக்கொண்டா இருப்போம்? அக்கா தன் பசுவிடம் சொல்வதுபோல என்னைக் குத்துவார். நான் எங்கள் நாய் ஜிம்மியிடம் சொல்வதுபோலத் திருப்பிக் கொடுப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஒருநாள் எலியைத் துரத்தி வைக்கோல்போர் மேல் ஏறிய ஜிம்மி, அங்கிருந்து விழுந்துவிட்டான். பின்னங்கால்கள் இரண்டும் செத்துப்போயின. அவற்றை இழுத்துக்கொண்டு அவன் என் காலடிக்கு வந்ததைப் பார்த்து ஓவென்று அழுதுவிட்டேன். மாட்டாஸ்பத்திரி டாக்டர் அவன் கால்விரலை அழுத்திக் கிள்ளினார். வீலென்று கத்தினான்.

"வலி தெரியுதும்மா. நம்பிக்கை இருக்கு. வயித்துக்கு அடியில துண்டு குடுத்துத் தூக்கிப் புடிச்சு, தினமும் தண்ணியில நடக்க விடுங்க."

என் கணவருக்கு நம்பிக்கை இல்லை. "நடவு முடியிற வரைக்கும் பாரு. எந்திரிக்கலன்னா ஊசி போட்டு முடிச்சிடலாம். அது படுற பாட்ட என்னால பாக்க முடியல" என்றார்.

குறுவைக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது. நாய் நடக்கத் தோதான ஆழம் அந்த வழக்கு வரப்பின் ஓரத்தில் மட்டும்தான். என்ன செய்ய? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். பின்பக்கத்தைத் தூக்கினால் முன்பக்கம் முங்கியது. நானும் அவனும் சேர்ந்தே ஒரு முழுக்குப் போட்டு எழுந்தோம்.

பக்கத்தில் பசுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அக்கா, பசுவைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியாடி லட்சுமி, ஒத்த ஆளா தூக்குனா நாய்க்கு வயிறு இறுக்காது?"

நான் விடுவேனா? "ஏன்டா ஜிம்மி, எனக்கு என்ன நாலு கையா இருக்கு? பாக்குறவங்க வந்து புடிக்கட்டுமே!"

அக்கா பசுவை அப்படியே விட்டுவிட்டு, தொபுக்கென்று தண்ணீரில் இறங்கினார். துண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "நட்றா ராசா" என்றார். ஜிம்மியிடம்தான்!

அன்றிலிருந்து தினமும் நடந்தது இந்தக் கூத்து. வாய்தா நாளில் ஆண்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து கோர்ட்டுக்குப் போவார்கள். நாங்கள் ஒரே துண்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வாய்க்காலில் நிற்போம். பேச்செல்லாம் ஜிம்மி வழியாகத்தான்.

"ஜிம்மி, உங்க வீட்ல நேத்து என்னடா கொழம்பு? வாசனை தூக்குச்சே!"

"வெரால் மீனுன்னு சொல்லுடா. ஒரு கிண்ணம் வேணுமான்னு கேளு."

சிரிப்பெல்லாம் சரிதான், கால் மட்டும் அசையவில்லை. கடைசி வயலில் நடவு நடந்த அன்று, என் கணவர் சொன்ன கெடுவும் முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் துண்டைப் பிடித்தேன். திடீரென்று என் முழங்காலில் ஓர் உதை. நம்ப முடியாமல் அவனைக் கரையேற்றினோம். வரப்பில் அக்கா வீட்டுச் சேவல் நின்றது. அவ்வளவுதான்! துண்டை விட்டு நழுவி, குடிகாரனைப் போலத் தள்ளாடித் தள்ளாடி, வழக்கு வரப்பின் மேலேயே அதைத் துரத்திக்கொண்டு ஓடினான் ஜிம்மி.

"அக்கா! ஓடுறான்க்கா!"

"ஆமாடி! நம்ம புள்ள ஓடுறான்டி!"

ஈரப் புடவையோடு கட்டிக்கொண்டு குதித்தோம். நடவுப் பெண்கள் எங்களைப் பார்த்துக் குலவையிட்டார்கள். அப்புறம்தான் நேருக்கு நேர் பேசிவிட்டோம் என்பதே எங்களுக்கு உறைத்தது. வயலில் நின்ற என் கணவர் திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவரோ ஜிம்மியை வாரித் தூக்கி, அவன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

வழக்கு அதற்குப் பிறகும் பல வருடம் இழுத்தது. நாங்கள் பேச்சை நிறுத்தவே இல்லை. இப்போதும் யாரோடாவது மனஸ்தாபம் வந்தால், இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிப் பிடிக்க ஏதாவது ஒரு வேலை இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன்.