காலையில் ஒரு தம்ளர் காமரங்காச் சாறு

கால் விரலில் இருந்த மெட்டி ஒரு நாள் சதைக்குள் புதைந்துகொண்டது. அப்போதுதான் கோகிலாவுக்குத் தன் உடம்பில் ஏதோ கோளாறு இருப்பது தெரிந்தது. கொஞ்ச நாளாகவே வேலை முடிந்து வந்தால் கால் கனத்தது. மலை ஏறி இறங்குகிறவளுக்கு அது இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டாள். மெட்டியைக் கழற்ற நாத்தனார் சுப்பம்மா சோப்பும் நூலும் வைத்துப் பாடுபட்டாள். கழன்று வந்தபோது விரலில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தது. அழுத்திப் பார்த்தால், அழுத்திய இடமும் பள்ளமாகவே நின்றது.

யட்டியாந்தோட்டையிலிருந்து உள்ளே போகிற றப்பர் தோட்டம் ஒன்றில் கோகிலா பால் வெட்டுகிறவள். விடியும் முன் கத்தியோடு மலையேறி, மரம் மரமாகப் பட்டையைச் சீவி, சிரட்டை வைத்து, வெயில் ஏறும்போது வாளியில் பாலைச் சேர்த்துக்கொண்டு இறங்க வேண்டும். அப்பா செத்த வருஷம், எட்டாம் வகுப்போடு, தோட்டத்தில் தொழிலாளியாகப் பெயர் பதிந்தாள். பெயர் பதிந்தவர் ஒருவராவது இருந்தால்தான் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் குடியிருக்க ஓர் அறை, ஒரு காம்பிரா. இல்லாவிட்டால் அந்தக் காம்பிராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்பாவின் பெயரை வெட்டியதும் அந்த இடத்தில் அவள் பெயரை எழுதினார்கள். படிக்க ஆசையா என்று அவளை யாரும் கேட்கவில்லை.

இப்போது அவள் காம்பிராவிலும் அதே கணக்குத்தான். கணவன் வேலுசாமிக்குக் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை; தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். அவனுடைய அக்கா சுப்பம்மா புருஷனை இழந்தவள். முழங்கால் மடங்காது, வீட்டில் இருந்து சமைக்கிறாள். மகள் நிரோஷா அந்த வருஷம் டிசம்பரில் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும். கோகிலா கத்தியைக் கீழே வைத்தால், அடுத்த நாள் அதை எடுக்க நிரோஷாவைத் தவிர ஆள் கிடையாது.

கிளினிக்கில் சிறுநீரைப் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், கையில் பட்டை கட்டி பிரஷர் பார்த்தார்கள். டாக்டரம்மா சிங்களத்தில் பேசினார். கோகிலாவுக்குச் சிங்களம் நன்றாகவே வரும். பிரஷர் நெடுநாளாகக் கூடியிருக்கிறது, சிறுநீரகம் கெடத் தொடங்கிவிட்டது, ஆனால் இப்போதே கவனித்தால் பல வருஷம் ஓட்டலாம் என்றார். மாத்திரையைத் தவறாமல் போட வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். கருவாடு கூடாது. மரக்கறியும் பழமும் நிறையச் சாப்பிட வேண்டும்.

"வேலைக்குப் போகலாமா, மிஸ்?" என்று கோகிலா கேட்டாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"சொன்னபடி சாப்பிட்டால் போகலாம்."

வெளியே வரிசை வாசல் வரை நின்றது. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து உப்பைப் பற்றிச் சொன்னதும் சுப்பம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உப்பில்லாமலா? என்னடி பேச்சு இது?"

"எனக்கு மட்டும் மதினி. கொஞ்சம் எடுத்து வச்சிட்டு, அப்புறமா உப்புப் போடுங்க."

"உப்பில்லாம யாருக்கு ஆக்குவாங்கன்னு தெரியுமா ஒனக்கு? செத்தவுகளுக்கு. எம்புருஷனுக்கு இந்தக் கையால ஆக்கிப் படைச்சேன். உசுரோட இருக்கிற தம்பி பொண்டாட்டிக்கு அதே கையால ஆக்கவா? மாட்டேன். வேற எது வேணும்னாலும் சொல்லு, செய்றேன்."

"டாக்டர் சொல்றாங்கத்தை" என்றாள் நிரோஷா.

"டாக்டர் வீட்ல எழவு விழுந்தா இங்க வந்தா படைப்பாங்க? நீ போய்ப் படி."

 விடியுமுன் போகிற கோகிலாவால் தனியாக ஆக்கிக்கொள்ள முடியாது; ஆக்கிப் போடுகிறவள் மனத்தை நோகடிக்கவும் முடியாது. ரொட்டி மாவிலே உப்பு, சம்பலிலே உப்பு, பருப்பிலே உப்பு. கருவாட்டை மட்டும் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாள்.

மரக்கறிக்கும் வழி இருக்கவில்லை. தோட்டத்துக் கடையில் மாவு, பருப்பு, வெங்காயம், கருவாடு; அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. யட்டியாந்தோட்டைச் சந்தையில் வாங்கும் போஞ்சியும் கரட்டும் இரண்டு நாளில் முடிந்துவிடும். லயத்துக்குப் பின்னால் ஏதாவது நட்டால், களைக்கு மருந்தடிக்க வருகிற கூட்டம் அதையும் சேர்த்து நனைத்துவிட்டுப் போகும். தோட்டத்து நிலத்தில் தோட்டத்தின் பயிர்தான் நிற்க வேண்டும் என்று கங்காணி சொல்லிவிட்டார்.

பழத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. அவள் வெட்டும் மலைக்குப் போகிற வழி நெடுக ரம்புட்டான். ஆனால் அந்த மரங்களை அப்துல் ரஸாக் முதலாளி குத்தகைக்கு எடுத்து, வலை போட்டு, காவலுக்கு ஆளும் வைத்திருந்தார். பலா தோட்டத்துடையது, வாழைக்குலை தோட்டத்து ஸ்டோரைப் பார்க்கிற கண்டக்டருடையது. தலைக்கு மேலே சிவப்பாகத் தொங்குவதைப் பார்த்தபடியே தினமும் அவள் ஏறி இறங்கினாள்.

யாருக்கும் வேண்டாத மரம் ஒன்று இருந்தது. ஓடைக்கரையில் நின்ற காமரங்கா. குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி ஐந்து மூலை தெரிகிற புளிப்புப் பழம். யாரும் அதை விலைக்குக் கேட்பதில்லை. பழுத்து விழுந்து, ஓடையோடு போய்க்கொண்டிருந்தது.

உப்பு மதினியின் கையில், மரக்கறி சந்தையில். தன் கைக்கு எட்டுகிறது இது ஒன்றாவது இருக்கிறதே என்று கோகிலா மடியில் கட்டிக்கொண்டு வந்தாள்.

முதலில் சோற்றோடு ஒரு துண்டு, இரண்டு துண்டு. பக்கத்து வரிசையில் வெட்டுகிற அழகமுத்து அதைப் பார்த்துவிட்டு, "கடிச்சுத் தின்னா பல்லு கூசும். சாறாப் பிழிஞ்சு குடி. பிரஷருக்கும் நல்லது, சீனி வியாதிக்கும் நல்லதுன்னு சொல்றாங்க. எங்க சித்தப்பா குடிச்சாரு" என்றார்.

"அவருக்குக் கொறஞ்சுச்சா அண்ணே?"

"அவரு குடிச்சது காமரங்கா மட்டுமா? கள்ளச் சாராயம், கசிப்பும்ல சேத்துக் குடிச்சாரு. எது கொறச்சுச்சு, எது கூட்டுச்சுன்னு யாரு கண்டா!"

பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் வயிற்றில்தான் மலையேறுவார்கள். ஒரு தம்ளர் சாயத் தண்ணீர், பால் விடாத தேநீர், அவ்வளவுதான். சாப்பாடெல்லாம் வெட்டிய பாலை ஸ்டோரில் கொட்டிவிட்டு வந்த பிறகு. கோகிலா அந்தச் சாயத் தண்ணீரை நிறுத்தினாள். அதற்குப் பதில் காமரங்காவைப் பிழிந்து தம்ளர் நிறையக் குடித்துவிட்டு ஏறினாள். சீனி சேர்க்கவில்லை, உப்பும் சேர்க்கவில்லை. வாய் கோணிப் போகும். மருந்தென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். டாக்டர் சொன்னதில் ஒன்றையாவது சரியாகச் செய்கிறோம் என்ற நிம்மதி அவளுக்கு இருந்தது. நிரோஷாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கூடை பொறுக்கி வந்தாள்.

கொஞ்ச நாளில் விக்கல் வந்தது. காலையில் தொடங்கியது இரவிலும் நிற்கவில்லை.

"யாரோ நெனைக்கிறாங்க" என்றாள் சுப்பம்மா.

மறுநாள் மலையிலும் விக்கிக்கொண்டேதான் வெட்டினாள். கத்தி இரண்டு தடவை ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டது. அழகமுத்து அங்கிருந்து சத்தம் போட்டார்:

"கொழும்புல வேலுசாமிதான் நெனைக்கிறான் போல! இம்புட்டு நேரம் விடாம நெனைக்கிறானே, சம்பளம் கிம்பளம் கூடிருச்சோ?"

"அவரு நெனைச்சாலும்... எம் பேரு ஞாபகம் வராதுண்ணே" என்று கோகிலா விக்கலுக்கு நடுவே சொல்லிச் சிரித்தாள்.

அன்று பகலே வாந்தி. சோறு இறங்கவில்லை. பழமாவது உள்ளே போகட்டுமென்று நிரோஷா இன்னும் கொஞ்சம் சாறு பிழிந்து கொடுத்தாள். சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்து, பிறகு வராமலே போனது. முகம் உப்பி, கண் திறக்க முடியவில்லை. மறுநாள் பேச்சு குளறத் தொடங்கியதும் சுப்பம்மா மடங்காத காலோடு ரோட்டுக்கு ஓடி, ரம்புட்டான் ஏற்றிக்கொண்டிருந்த லொறியின் முன்னால் நின்றாள்.

"மொதலாளி, எந்தம்பி பொண்டாட்டி சாகக் கெடக்குறா."

அப்துல் ரஸாக் பின்பக்கம் ஏற்றியிருந்த பெட்டிகளை இறக்கச் சொன்னார். இறக்க நேரமில்லை என்று கண்டதும், "சரி, நடுவுல எடம் பண்ணுங்க" என்றார். ரம்புட்டான் பெட்டிகளுக்கிடையில் சாக்கு விரித்துப் படுக்கவைத்துக் கேகாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் இன்னொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு. அங்கே கழுத்தில் குழாய் வைத்து, இரத்தத்தை மெஷினுக்குள் விட்டுச் சுத்தம் செய்தார்கள்.

நினைவு திரும்பியபோது பக்கத்தில் ஹிமாயா என்ற தாதி நின்றாள். தமிழ் பேசுகிற முஸ்லிம் பெண்.

"அக்கா, மருந்து தவிர வேறென்னமும் குடிச்சீங்களா? நாட்டு மருந்து, கஷாயம்?"

"இல்லம்மா. டாக்டர் சொன்னபடிதான். பழம் மட்டும்."

"என்ன பழம்?"

கோகிலா சொன்னாள். எப்படிப் பிழிவாள், எப்போது குடிப்பாள் என்பதையும் சொன்னாள். ஹிமாயா எழுதுவதை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

டாக்டர் வந்து பொறுமையாகச் சொன்னார். மற்றப் பழங்களும் மரக்கறியும் சிறுநீரகத்தைக் காப்பாற்றத்தான் செய்யும்; கிளினிக்கில் சொன்னது சரி. காமரங்கா மட்டும் அப்படியல்ல. கெடத் தொடங்கிய சிறுநீரகத்துக்கு அது விஷம். அதிலும் சாறாக, வெறும் வயிற்றில், தினமும். விக்கல் அதன் அடையாளம்.

"எனக்குத் தெரியாதுங்க. அது ஒண்ணுதான் சும்மா கெடச்சுச்சு" என்றாள் கோகிலா.

 சிறுநீரகம் பாதி மீளும், மீதி மீளாது என்றார் டாக்டர். இனி மரக்கறியையும் அளந்துதான் சாப்பிட வேண்டும். சிறிதாக வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, அவித்து, அவித்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பீர்க்கு, புடல் மாதிரியானவை நல்லது. வாழைப்பழம் வேண்டாம். உப்பு வேண்டவே வேண்டாம்.

டாக்டரின் சிங்களம் புரிந்திருந்தும், தாதி இதையெல்லாம் தமிழில் திருப்பிச் சொன்னபோது கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. கிடைக்காதபோது நிறையச் சாப்பிடச் சொன்னார்கள், இப்போது அதிலும் அளவு.

வீடு திரும்பிய அன்று நிரோஷாவின் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் றப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது.

"யாரு ஒன்னைய வெட்டச் சொன்னா?"

"யாரும் சொல்லல. பேர வெட்டிருவோம்னு கங்காணி வந்து நின்னாரு. ஒங்க பேர்லதான் வெட்டுறேன்ம்மா. எம் பேர் போடல."

"பள்ளிக்கொடம்?"

 புத்தகப் பை சுவரில் மாட்டியபடி இருந்தது. அதன் மேல் நிரோஷா பால் வெட்டுகிற சட்டையைத் தொங்கவிட்டிருந்தாள். கோகிலா எழுந்து போய்ச் சட்டையை எடுத்து வேறு ஆணியில் மாட்டினாள். அந்தச் சிறிய வேலைக்கே மூச்சு வாங்கியது.

அன்று சுப்பம்மா ஒரு புதுச் சட்டி வாங்கி வைத்திருந்தாள். பீர்க்கங்காயைப் பொடியாக வெட்டி, ஊறவைத்து, அவித்து, வடித்து, தேங்காய்ப்பாலைக் கண்ணில் காட்டி இறக்கினாள். உப்புப் போடவில்லை. தட்டில் வைத்ததும் கோகிலாவிடம் கொடுக்காமல் முதல் கவளத்தைத் தானே வாயில் போட்டாள். முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினாள்.

"பாத்தியா? உசுரோட இருக்கிறவ மொதல்ல தின்னுட்டா அது படையல் இல்ல. இந்தா, நீ தின்னு."

"நல்லாருக்கா மதினி?"

"வாயில வைக்க முடியல. தின்னு."

அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் முதல் கவளம் சுப்பம்மாதான் தின்றாள். மாவுச் சாக்கில் மண் நிரப்பி, காம்பிரா வாசலில் வைத்து, பீர்க்கும் புடலும் ஊன்றினார்கள். கொடியைத் தகரக் கூரையில் ஏற்றிவிட்டார்கள். கங்காணி வந்து அண்ணாந்து பார்த்தார். நிலத்தைப் பற்றித்தான் தோட்டத்தில் சட்டம் இருந்தது. சாக்கைப் பற்றியும் கூரையைப் பற்றியும் எதுவும் இல்லை. காய்த்ததில் பாதியைக் குரங்கு கொண்டுபோனது. மீதி கோகிலாவுக்குப் போதும்.

கால் வீக்கம் வற்றியதும் அவள் திரும்ப மலையேறினாள். போகக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. போகலாம் என்றும் சொல்லவில்லை. காம்பிராவில் மூன்று பேர் இருந்தார்கள், பெயர் ஒன்றுதான் இருந்தது. மேல் வரிசை மரங்களை அழகமுத்து தானாகவே தன் வரிசையோடு சேர்த்து வெட்டிக் கொடுத்தார். அதற்காக அவர் பேசிய கேலியை அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நிரோஷா டிசம்பரில் பரீட்சை எழுதினாள். பெறுபேறு வந்த நாள் கூரையிலிருந்து காய் பறித்துக்கொண்டிருந்தாள். பாஸ். உயர்தரம் படிக்க வேண்டுமென்றால் கேகாலைக்குப் போக வேண்டும், இன்னும் இரண்டு வருஷத்துக்கும் மேலாகும். அவள் அதைச் சொல்லிவிட்டு, அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போதும்மா. நான் பேர் பதிஞ்சுக்கிறேன். நீங்க இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு அம்புட்டுக் காலம்..."

கோகிலா முந்தைய கிளினிக்கில் இதையே கேட்டிருந்தாள். எத்தனை வருஷம் தாங்கும் என்று. அதை யாரும் சொல்ல முடியாது, பிரஷர் ஏறாமல், உப்புச் சேராமல், சொன்னதை மட்டும் சாப்பிட்டால் தாங்கலாம் என்றார்கள். மெஷினுக்குப் போகாமலே இருக்கலாம், போகவும் நேரலாம்.

சுப்பம்மா தட்டை நீட்டினாள். ஓரத்தில் ஒரு கவளம் குறைந்திருந்தது. கோகிலாவுக்குப் பசி இல்லை. இருந்தாலும் தட்டை வாங்கி மடியில் வைத்து, பிசைந்து, உப்பில்லாத சோற்றை உருட்டினாள்.

"நீ படி" என்றாள். "நான் ஒழுங்காத் தின்னுக்கிட்டு இருக்கேன்."