மாவாட்டச் செலவு எவ்வளவு

அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் ஓட்டல். நானும் என் மனைவியும் நடத்துகிறோம் என்று சொல்லிக்கொள்வேன். நான் கல்லாவில் உட்கார்ந்து, திருவண்ணாமலை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வேன். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

போன வருஷம் எண்ணெயும் கேஸும் ஏறியதில் கையில் நிற்பது குறைந்துவிட்டது. பி.காம். படித்த திமிர் சும்மா இருக்குமா? அரிசிக்கு இவ்வளவு, உளுந்துக்கு இவ்வளவு என்று பார்ப்பதெல்லாம் பழைய கணக்காம். வேலை வேலையாகப் பிரித்து, எந்த வேலை எவ்வளவு தின்கிறது என்று பார்க்க வேண்டுமாம். யூடியூபில் ஒருவர் சொன்னார். உடனே போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அடுப்படியில் குறுக்கே நின்றேன். தோசை மாஸ்டர் இரண்டு முறை என் காலை மிதித்தார். தெரியாமல்தான் மிதித்தார் என்று இன்னமும் நம்புகிறேன்.

முடிவு பளிச்சென்று வந்தது. மாவு, சட்னி, சாம்பாருக்கு ஆள் செலவே இல்லை. பாத்திரம் கழுவுவதுதான் பணத்தைத் தின்கிறது. சித்தேரியிலிருந்து பஸ் ஏறி வந்து கழுவும் அக்காவை நிறுத்திவிட்டு, அதையும் மனைவியிடம் கொடுத்தால் செலவில்லாமல் முடியும் என்று தாளில் எழுதிக் காட்டினேன். அந்த அக்காவின் மகள் காலேஜில் படிப்பது எனக்குத் தெரியும். தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். "மாவாட்டறதுக்கு எவ்ளோங்க போட்டிருக்கீங்க?"

"அது நீதான ஆட்டற."

"நான் ஆட்டுனா?"

கல்லாவில் உட்காருவதற்கு எனக்கு நானே மாதம் பதினைந்தாயிரம் போட்டுக்கொண்டதையும் அவள் பார்த்துவிட்டாள். வெட்கமாகப் போயிற்று. அவளுக்கும் கூலி போட்டேன். கடையிலேயே குறைந்த கூலி, அந்த அக்கா வாங்குவது. லாபம் இருந்த இடத்தில் நஷ்டம் வந்தது. மறுபடி கூட்டினேன். அதேதான். இத்தனை வருஷமும் லாபம் என்று நான் எண்ணி எடுத்து வைத்ததெல்லாம் அவள் வாங்காத கூலி.

சொன்னேன். அவளுக்கு அது புதுச் செய்தியாகவே இல்லை.

"அக்கா வேலைக்கு வரட்டுங்க. கல்லாச் சாவிய எங்கிட்டக் குடுங்க."

கொடுத்துவிட்டு உளுந்து ஊறவைக்கப் போனேன். எந்த டப்பாவில் இருக்கிறது என்று அந்த அக்காவைத்தான் கேட்க வேண்டியிருந்தது.